நான் எடுத்த ஈயக்கட்டி

உருக்கிய ஈயத்தின் புகை தொண்டையைக் கரிக்கும். பழைய கார் பற்றரிகளை உடைத்து எடுத்த ஈயத்தை டின்னில் காய்ச்சி, காய்ந்த மணலில் விரலால் குத்திய குழிகளில் ஊற்றி, நானும் ஹனீபா மச்சானும் தூண்டில் நூலுக்கு மூன்று அளவில் 'கட்டி' வார்ப்போம். அவன் என் மாமாவின் மகன். எண்பதுகளின் தொடக்கத்தில் இருவருக்கும் பதினான்கு வயது.

சாய்ந்தமருதுக் கரையோரத்தில் புளியங்கொட்டையளவு கட்டி போதும், பாரம் கூடினால் மீன் கொத்துவது கைக்குத் தெரியாது. சற்று உள்ளே போனால் பாக்களவு. அதற்கும் அப்பால், நீரோட்டம் நூலை இழுத்துக்கொண்டு ஓடும் ஆழத்துக்குக் கோழிமுட்டையளவு வேண்டும்.

ஒருநாள் பகல் மாமாவின் தோணியை ஆழத்துக்கு விட்டோம். கரையோரக் கட்டியை மாற்றச் சோம்பல்பட்டு அப்படியே நூலை இறக்கினேன். அது அடிக்குப் போகாமல் நீரோட்டத்தில் இழுபட்டு, பெரிய பாரை மீனொன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மச்சானின் நூலில் சுற்றிக்கொண்டது. நூல் அறுந்து மீன் போயிற்று.

"ஹறாமி! ஆழத்துக்கு இதையாடா கட்டுற?" என்று கன்னத்தில் ஓங்கி அறைந்தான். எனக்கு எப்போதுமே மூக்குக்கு மேல் கோபம். அவன் கழுத்தை நெரித்தேன், அவன் என் தோளைச் சதை கிழியக் கடித்தான், இருவரும் தோணிக்குள் புரண்டோம். ஈயப்பெட்டி கவிழ்ந்து கட்டிகள் சிதறின. பெரிய கட்டியை எடுத்து அவன் முகத்தில் குத்தினேன். இடக்கண் உடைந்து கன்னத்தில் வழிந்தது. அவன் அலறவில்லை, அறுபடும் மாடுபோல் முனகினான். ஐயோ, அந்தச் சத்தம்!

கரையில் எல்லோரும் ஓடி வந்தார்கள். இடுப்பில் கட்டியிருந்த, இரத்தம் ஊறிய சாரனைக் கண்ணில் பொத்திக்கொண்டு மச்சான்தான் முதலில் வாய் திறந்தான்: "கட்டி கல்லுல சிக்கிட்டு, இழுத்தன், தெறிச்சு அடிச்சிட்டு." அந்தப் பொய் இல்லாவிட்டால் வாப்பா என்னை அங்கேயே அடித்துக் கொன்றிருப்பார். கண் போனது போனதுதான்.

தோணிகள் ஏற்றிவைத்த மணலைக் கடல் கொண்டுபோய்விட்டது. இப்போது அங்கே கருங்கல் அணை. போன மாதம் அதன்மேல் உட்கார்ந்து, இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிவந்ததை அவனிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"மச்சான், கைக்கு அம்பிட்டதப் பாக்காமத்தான் எடுத்தன். மாப்புத் தா."

"மாப்பு அண்டைக்கே தந்திட்டன். பொய் கதைக்காத. சின்னக் கட்டியத் தொட்டாய், உட்டாய். பெரிசத் தேடி எடுத்தாய். என்ட ரெண்டு கண்ணாலயும் கடைசியாக் கண்டது அதத்தான்."