பிறை தெரிய வேண்டாம் என்று கேட்ட துஆ

ஊரே மாடியிலும் தெருமுனையிலும் நின்று பிறையைத் தேடிக்கொண்டிருந்த சாயங்காலம் அது. நான் மட்டும் கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு, "யா அல்லாஹ், இன்னிக்குப் பிறை தெரிய வேணாம்" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். சகோதரிகளே, உங்கள் எல்லோர் மீதும் அல்லாஹ்வின் அமைதி உண்டாகட்டும். இவள் என்ன பெண் என்று தோன்றும். தோன்றட்டும். முழுவதும் படித்துவிட்டு, அப்புறம் திட்டுங்கள்.

இது தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது. மார்கழிக் குளிரில் தொடங்கித் தை மாதத்தில் முடிந்த ரமலான். அப்போது நாங்கள் திண்டுக்கல் பேகம்பூரில் ஒரு சந்து வீட்டில் குடியிருந்தோம். என் கணவர் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தார். அந்த வருடம் ஷாப்பை மூடிவிட்டார்கள். இங்கே வேறு வேலை கிடைக்காமல் ஆம்பூருக்குப் போனார். முதல் இரண்டு மாதம் பணம் வந்தது, கடிதமும் வந்தது. பிறகு இரண்டும் நின்றுபோயின. மகள் ஜுபைதாவுக்கு எட்டு வயது. மகன் ஏழு மாதக் கைக்குழந்தை. தாய்ப்பால்தான்.

நான் சும்மா இருக்கவில்லை. பக்கத்துப் பூக்கடை அக்காவுக்கு மல்லிகை கட்டிக் கொடுத்தேன். ஆனால் ஐப்பசி மழை பிடித்தால் மல்லிகை வரத்து நின்றுவிடும் என்பது திண்டுக்கல்லில் எல்லோருக்கும் தெரியும். "பூவே வரல, நான் என்னத்தக் கட்டக் குடுக்க?" என்று அந்த அக்காவே கையைப் பிசைந்தார். அன்றிலிருந்து என் அடுப்பு ஒருநாள் எரியும், ஒருநாள் எரியாது.

அப்போதுதான் அந்தப் பொய்யை ஆரம்பித்தேன்.

யாராவது "சாப்டியா?" என்று கேட்டால் "நோம்பு" என்பேன். திங்கள், வியாழனில் விரும்பியவர்கள் வைக்கும் சுன்னத்தான நோன்பு உண்டு. அதனால் யாரும் சந்தேகப்படவில்லை. திங்கள் செவ்வாயானது, வியாழன் வெள்ளியானது. "விடுபட்ட நோம்பக் கழிக்கிறேன்" என்றேன். தெருவில் எனக்குப் பெரிய பெயர். "பால் குடுக்குறவ, இம்புட்டு நோம்பு வைக்கிறாளே" என்று மெச்சினார்கள். பால் கொடுக்கும் தாய்க்கு மார்க்கம் சலுகை கொடுத்திருக்கிறது, ரமலான் நோன்பைக்கூடத் தள்ளி வைத்துக்கொள்ளலாம். எனக்கு அது தெரியாதா? தெரியும். நோன்பை விட்டால் எதைச் சாப்பிடுவது என்பதுதான் தெரியவில்லை.

ஏன் யாரிடமும் கேட்கவில்லை என்று கேட்பீர்கள். சொல்கிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. எரியோட்டில் என்னைப் பெற்ற அத்தா மளிகைக் கடை வைத்திருந்தார். பெருநாளுக்கு முதல்நாள் பித்ரா அரிசியைப் பைகளில் கட்டுவது என் வேலை. வீட்டில் இருக்கும் ஒவ்வொரு தலைக்கும், தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கும் சேர்த்து அளந்து, பெருநாள் தொழுகைக்கு முன்னால் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். வாங்க வரும் பெண்களில் யாராவது இன்னொரு பை கேட்டால், "ஒங்களுக்குத்தான் குடுத்தாச்சே" என்று முறைப்பேன். பன்னிரண்டு வயதுத் திமிர். அந்தப் பெண்களுடைய முகம் எனக்கு ஞாபகமில்லை, அவர்கள் நீட்டிய முந்தானை ஞாபகமிருந்தது. அந்த முந்தானையை நான் நீட்டுவதா? அத்தா மவுத்தாகி அடக்கமாகி, அண்ணன் திருப்பூர் போய், கடையே இல்லாமல் போன பிறகும் அந்தத் திமிர் மட்டும் என்னோடு குடித்தனம் நடத்தியது. ரமலானுக்கு முன்னால், ஏழைகளுக்கு ஜகாத் கொடுக்கப் பெயர் எழுதப் பள்ளிவாசல் ஜமாஅத்தார் தெருவுக்கு வந்தார்கள். "எங்களுக்கு ஒரு கொறையும் இல்ல, அந்த மூணாவது வீட்டுக்குக் குடுங்க" என்று வழிகாட்டி அனுப்பினேன்.

ரமலான் வந்தது. உண்மையைச் சொன்னால், அந்த வருடம் நாங்கள் வயிறாரச் சாப்பிட்ட மாதம் ரமலான்தான். சாயங்காலத் தொழுகையான அஸர் நேரத்தில் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி ஊற்றுவார்கள். வாங்க வருவதில் ஏழை, பணக்காரர் என்று கிடையாது. மாடி வீட்டுப் பிள்ளையும் பாத்திரம் கொண்டுவரும், சந்து வீட்டுப் பிள்ளையும் கொண்டுவரும். என் மகள் தூக்குவாளியோடு போவாள். பாதியை நோன்பு திறக்க வைத்துக்கொள்வோம், பாதியைத் தண்ணீர் விட்டுச் சூடாக்கி, விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு. நாலாவது நாள், வற்றிப்போயிருந்த பால் எனக்கு மறுபடி சுரந்தது. மகன் குடித்துவிட்டு ஏப்பம் விட்டான். நான் அவன் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன்.

பெருநாள் நெருங்கியது. எல்லா வீட்டிலும் துணி எடுத்தார்கள், தையல்காரரைத் திட்டினார்கள். நான் விரல் விட்டு எண்ணினேன். இன்னும் ஒன்பது கஞ்சி. இன்னும் ஐந்து கஞ்சி. பெருநாளுக்கு மறுநாளிலிருந்து ஆறு நோன்பு வைக்கிறேன் என்று மறுபடியும் பொய் சொல்லிக்கொள்ளலாம். பெருநாள் அன்று மட்டும் முடியாது. அன்று நோன்பு வைப்பது ஹராம். இத்தனை மாதமும் நான் ஒளிந்துகொண்ட திரை அந்த ஒரு நாள் கிடையாது. அன்றைக்கு என் வீட்டுக்குள் யார் நுழைந்தாலும் அடுப்பைப் பார்த்துவிடுவார்கள்.

கடைசி வெள்ளி ஜும்ஆவில் பள்ளிவாசல் ஹஜ்ரத் பயான் செய்தது ஒலிபெருக்கியில் வீடு வரைக்கும் கேட்டது. ஜகாத் என்பது கொடுப்பவருடைய பணமே அல்ல, ஏழையின் பங்கு அவருடைய கையில் இருக்கிறது, அவ்வளவுதான் என்றார். கேட்டு வருகிறவரைவிட, கேட்க வெட்கப்பட்டு உள்ளே உட்கார்ந்திருப்பவரைத் தேடிப் போய்க் கொடுங்கள் என்றார். பெருநாள் தொழுகைக்கு முன்னால் பித்ரா போய்ச் சேர வேண்டும், பிறகு கொடுத்தால் அது வெறும் தர்மம்தான் என்றார். பிறகு நோன்பைப் பற்றிப் பேசினார். இறையச்சம் வருவதற்காகத்தான் நோன்பு, பொய்யை விடாதவர் சோற்றை விட்டு அல்லாஹ்வுக்கு என்ன ஆகப்போகிறது என்று கேட்டார். என் வீட்டு வாசலில் நின்று கேட்டது போல இருந்தது. காதைப் பொத்திக்கொண்டேன்.

இருபத்தொன்பதாம் நாள் வந்தது. "பெருநாளைக்கு என்னம்மா ஆக்குவ?" என்று ஜுபைதா கேட்டாள். குழந்தை கேட்கிற சாதாரணக் கேள்வி. எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ.

"பெருநாளைக்கும் நோம்புதான், போ!"

அல்லாஹ் தடுத்ததை, நான் பெற்ற பிள்ளைக்கே என் வாயால் சொல்லிக்கொடுத்துவிட்டேன். மஃரிபுக்குக் கஞ்சி குடித்துவிட்டுக் கொல்லைக் கதவுக்குப் போனேன். மலைக்கோட்டைக்கு மேலே மேற்கு வானம் சிவந்து கிடந்தது. அப்போதுதான் அந்த துஆவைக் கேட்டேன். "ஒரு நாள் ரப்பே. ஒரே ஒரு கஞ்சி. பச்சப் புள்ளைக்குப் பாலுக்காகக் கேக்குறேன்." மேகம் வந்தது. எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. தெருவில் பிள்ளைகள் "ச்சே" என்றார்கள். பிறை தெரியவில்லை, முப்பதாகப் பூர்த்தி செய்ய வேண்டும் என்று பள்ளிவாசலில் அறிவித்தார்கள். நான் சஜ்தாவில் விழுந்தேன்.

எழுந்திருக்கும்போதே கணக்குப் போட்டேன். ஒரு நாள் கிடைத்தது, சரி. அடுத்து? முப்பத்தொன்று என்று ஒரு நோன்பு கிடையாது. இனிமேல் மேகம் வந்தாலும் எனக்கு உதவாது.

முப்பதாம் நாள் மதியம் லுஹர் தொழுதுவிட்டு, தொழுத விரிப்பான முஸல்லாவிலேயே கிடந்தேன். தலை சுற்றியது. மகன் பக்கத்தில் முனகிக்கொண்டிருந்தான். ரமலானுக்கு முன்னால் சத்தம் போட்டு அழக்கூட அவனுக்குத் தெம்பு இருந்ததில்லை, கஞ்சி நின்றால் மறுபடி அதே கதைதான். அவன் இந்தப் பெருநாளைத் தாண்டுவானா என்று நினைத்தேன். என் திமிருக்கு என் பிள்ளையை விலையாகக் கொடுக்கப் போகிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அதுவரை "என்னை மறைத்துவை" என்றுதான் அல்லாஹ்விடம் கேட்டிருந்தேன். அன்று வேறு மாதிரி கேட்டேன். "யா அல்லாஹ், எனக்கு வாய் வர மாட்டேங்குது. என் பொய்ய நீயே ஒடைச்சுவிடு. மானம் போனாப் போகட்டும். புள்ளைகளக் காப்பாத்து." வாய்விட்டுத்தான் அழுதேன். அஸர் பாங்கு சொன்னதும் ஜுபைதா தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

அன்று கஞ்சி வாளி நிறைய வந்தது. வழக்கமாக அவ்வளவு ஊற்ற மாட்டார்கள். கடைசி நாள் என்பதால் வழித்து ஊற்றியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மஃரிப் முடிந்து கொஞ்ச நேரத்தில் கதவு தட்டும் சத்தம். பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சும் சுல்தான் பாயின் மனைவி மைமூன் லாத்தா நின்றார். கையில் ஒரு துணிப்பை. நேராக உள்ளே வந்தார். அடுப்பைப் பார்த்தார், மூலையில் கவிழ்ந்து கிடந்த பானையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"நாளைக்கும் ஒங்க வீட்டுல நோம்பாமே?"

நான் அவசரமாகப் பானையை நிமிர்த்தி வைத்தேன்.

"கஞ்சி வாங்க வந்த ஒம் மக சொல்லிருக்கா. 'நாளைக்குப் பெருநாளு, கஞ்சி கிடையாதும்மா'ன்னு எங்க வீட்டுக்காரரு சொன்னாராம். 'எங்க வீட்டுல நாளைக்கும் நோம்பு மாமு, கொஞ்சம் சேத்து ஊத்துங்க'ன்னாளாம். மனுசன் வாளி நெறைய ஊத்திட்டு, அகப்பையக் கீழ வச்சுட்டு அப்படியே என்கிட்ட ஓடியாந்தாரு. பெருநாளைக்கு எந்தத் தாயி நோம்பு வைப்பா? வீட்டுல ஒண்ணுமில்லாதவதான் வைப்பா."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். எத்தனை மாதப் பொய்! லாத்தா என் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டார். பிறகு பையை என் மடியில் வைத்தார். அரிசி.

"எங்க வீட்டுப் பித்ரா. வாங்கிக்க."

அந்த நிலையிலும் என் வாய் என்ன சொன்னது தெரியுமா? "லாத்தா, நாங்க வாங்குற வீடு இல்ல."

லாத்தாவுக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. "ஒடம்புல எல்லாம் வத்திப்போச்சு, வாயி மட்டும் வத்தல. ஏ புள்ள, யாருக்கு யாரு உதவி பண்றதுன்னு நெனச்ச? பித்ரா போய்ச் சேராம எங்க நோம்பு மேல போகுமா? வானத்துக்கும் பூமிக்கும் நடுவுல தொங்கிக்கிட்டு நிக்கும். முப்பது நாளு பட்டினி கெடந்திருக்கோம், அதக் கெடுத்துறாத. எனக்காக வாங்கு."

வாங்கினேன். முந்தானையை விரித்துத்தான் வாங்கினேன். என் மானம் எங்கும் போய்விடவில்லை. லாத்தாவும் அழுதார்.

மறுநாள் காலை தொழுகைக்கு முன்னால் இன்னும் மூன்று வீட்டுப் பித்ரா வந்தது. யார் வீட்டுடையது என்று லாத்தா எனக்குச் சொல்லவில்லை, யாருக்குப் போகிறது என்று அவர்களுக்கும் சொல்லவில்லை. பெருநாள் அன்று என் வீட்டில் நெய்ச்சோறு. என் மகள் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள். மகனுக்குப் பால் இருந்தது.

பத்து நாள் கழித்து ஆம்பூரிலிருந்து கடிதம். என் கணவர் திரும்பத் திரும்ப வந்த டைபாய்டு காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார், பாதி நாள் நினைவே இல்லாமல். கூட வேலை பார்த்தவர் எங்கள் விலாசத்தைத் தேடிப் பிடித்து எழுதியிருந்தார். பாதி உடம்பாக ஊர் திரும்பினார். பிறகு பூட்டுப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார், நான் தையல் கற்றுக்கொண்டேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு ரமலானில், நாங்களே பித்ரா கொடுக்கும் நிலைக்கு வந்தோம். அன்றைக்கு ஒவ்வொரு பையிலும் ஒரு கை அரிசி கூடுதலாகவே அளந்தேன். "எங்க நோம்புக்காக வாங்கிக்கங்க" என்று சொல்லித்தான் இன்றுவரை கொடுக்கிறேன்.

இத்தனை வருடமும், என் பொய்யை நம்பிய குழந்தை வெகுளியாக உளறியதை வைத்து அல்லாஹ் என்னைக் காப்பாற்றினான் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். ஜுபைதாவுக்கு நிக்காஹ் பேசி முடித்த வாரம், பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அதே கதையை அளந்துகொண்டிருந்தேன். அவள் போன பிறகு ஜுபைதா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பெருநாளைக்கு நோம்பு கெடையாதுன்னு எனக்குத் தெரியும்மா. மதரஸாவுல அதுக்கு முன்னாடியே சொல்லிக் குடுத்துட்டாங்க. நீ முஸல்லாவுல அழுததக் கேட்டேன். சோறில்லன்னு சொன்னா நீ அடிப்ப. அதான் மாமுகிட்ட நோம்புன்னு சொன்னேன். அவருக்குப் புரியும்னு எனக்குத் தெரியும்."

எட்டு வயது. நான் மேகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தேன், பதில் என் பக்கத்தில் தூக்குவாளியோடு நின்றிருக்கிறது. அவளைக் கட்டிக்கொண்டு அல்ஹம்துலில்லாஹ் என்றேன்.

சகோதரிகளே, கஷ்டத்தில் இருப்பவர்கள் அல்லாஹ்விடம் கேளுங்கள். கேட்டுவிட்டு, அவன் அனுப்பும் கையைத் தட்டிவிடாமல் வாங்குங்கள். அது உங்கள் பங்கு. வசதியாக இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் தெருவில் எந்நேரமும் "நோம்பு" என்று சொல்லும் பெண் யாராவது இருந்தால், அவளை மெச்சிவிட்டுப் போய்விடாதீர்கள். ஒரு தடவை உள்ளே போய் அடுப்பைத் தொட்டுப் பாருங்கள்.