எஸ்டேட் என்றால் பண்ணை

இங்கே ஆஸ்திரேலியாவில் காட்டுக்குள் நுழையும் முன் காலணியைத் தேய்த்துக் கழுவச் சொல்கிறார்கள். வாசலிலேயே பிரஷ் தொங்குகிறது. வேற்றிட விதையும் நோயும் உள்ளே போய்விடக் கூடாதாம். நம் மலைக்கு ஏறும் வழியில் பிளாஸ்டிக் பாட்டிலைத் தேடுவார்கள். செருப்பைத் திருப்பிப் பார்த்தவர் யாருமில்லை. அந்தப் பழக்கத்தில்தான் போன மாதம் விமான நிலையத்தில் தடுமாறினேன்.

குன்னூரில் என் தம்பி எஸ்டேட் கிளார்க். லீவுக்குப் போயிருந்தோம். கிளம்பிய அன்று காலைகூட மகள் கயல் அவனோடு தேயிலைக்கு மேலே சீகை மரக்காடு வரை நடந்துவிட்டு வந்தாள். "சேத்தோட கார்ல ஏறாத கண்ணு, உங்கம்மா என்னையத்தான் வைவா" என்றான் தம்பி. பூட்ஸை அப்படியே கவரில் சுற்றிப் பெட்டியில் போட்டாள்.

இங்கே வந்திறங்கியதும் அதிகாரி கேட்டார்: "பண்ணைக்குப் போனீர்களா?" எனக்குப் பண்ணை என்றால் மாடும் கோழியும். "இல்லை, எஸ்டேட்டுக்கு மட்டும்தான்" என்றேன். தலையாட்டி அனுப்பிவிட்டார்.

பத்தடி தள்ளிக் கயல் சிரித்தாள். "அம்மா, எஸ்டேட்னா இவங்களுக்கு வீட்டுமனைங்க. நாம ஊடு பாக்கப் போனோம்னு நெனச்சுட்டாரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறைத்தது தெரிந்தால் விசாவையே ரத்து செய்யலாம். எங்களுடையது தற்காலிக விசா. அவள் படிப்பு அதில்தான் தொங்குகிறது.

"பேசாம வாங்கம்மா, விட்டுட்டாருல்ல?"

"அவருக்குப் புரியலைன்னு நமக்குத் தெரியுமில்ல?"

திரும்பி நடந்தேன். அதே அதிகாரியிடம், "எஸ்டேட் என்றால் தேயிலைப் பண்ணை. பூட்ஸில் மண் இருக்கிறது" என்றேன்.

அவர் பூட்ஸை எடுத்துச் சேற்றைச் சுரண்டியபோது இரண்டு கறுப்பு விதைகள் விழுந்தன. "சீகை. இங்கே பிளாக் வாட்டில் என்பீர்கள்" என்றாள் கயல். அதிகாரியின் புருவம் உயர்ந்தது. "அட, எங்கள் ஊர் மரம்!"

ஆமாம், இங்கிருந்து வந்த மரம்தான் நம் புல்வெளிகளை விழுங்கியது. தம்பியின் ஆட்கள் பிடுங்கப் பிடுங்க முளைக்கிறது. "அப்படியானால் இதை வைத்துக்கொள்வீர்களா?" என்றேன்.

"முடியாது. எதை ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறதோ!"

விதைகளைப் பையில் போட்டு ஒட்டினார். பூட்ஸைக் கழுவித் தந்து, திரும்பி வந்து சொன்னதற்கு நன்றி என்றார். அபராதமில்லை, விசாவுக்கும் ஒன்றுமில்லை. ஒரு நாடே வாசலில் நின்று காவல் காக்கிறது, அன்று அந்தக் காவலில் எனக்கும் பங்கிருந்தது. வந்தேறிகள் நாங்கள் இருவரும் தலைநிமிர்ந்து கதவைக் கடந்தோம். இந்த மண்ணைப் பூர்வீகமாகக் கொண்ட விதைகள் வாசலிலேயே நின்றுவிட்டன.