யோகோஹாமாவில் ஓடிய தறி

யோகோஹாமா துறைமுகத்தைச் சுற்றிப் பார்க்கும்போது மழை பிடித்துக்கொள்ள, நானும் கணவரும் ஒரு பட்டு மியூசியத்துக்குள் ஒதுங்கினோம். அங்கே ஒரு பெண் விசைத்தறியை ஓட்டிக் காட்டினாள். அந்தச் சத்தம் கேட்டதும் நான் சுவர்ப்பக்கம் திரும்பினேன்.

சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டுக்குள்ளேயே நான்கு தறி. அவை ஓடும்போதுதான் அப்பா அம்மாவை அடிப்பார், தெருவுக்குக் கேட்காது. அவள் வாய் அசைவதை மட்டும் பார்த்திருக்கிறேன். எனக்கு எட்டு வயதில், தறியில் குறுக்குநூலோடு ஓடும் நாடாக்கட்டையை எடுத்து அவள் மண்டையைப் பிளந்தார். ஸ்டூலில் ஏறி மெயின் சுவிட்சை இறக்கினேன்.

"கொல்லுதாவளே!"

அம்மாவின் அலறலை அன்றைக்குத்தான் முதன்முதலில் கேட்டேன். தெருவும் கேட்டது.

"ஏட்டி, யாரைக் கேட்டு நிப்பாட்டுன?" என்று என்மேல் பாய்ந்த அப்பாவின் கையை எதிர்வீட்டு அண்ணாச்சி வந்து முறுக்கினார்.

"சுவரைப் பாத்து என்ன தேடுத?" என்றார் மியூசியத்தில் என் பக்கத்தில் நின்ற கணவர்.

"சுவிட்ச் எங்க இருக்கு?"