பல் வரட்டும், வாய் திறக்கிறோம்

எனக்கு முப்பது வயது ஆனபோது, ஒரே வெயில்காலத்தில், என் வாயிலிருந்த பற்களை எல்லாம் பிடுங்கிவிட்டார்கள். ஆடிய பல்லும் போயிற்று, ஆடாத பல்லும் போயிற்று. யாரும் என்னைப் பிடித்துக் கட்டவில்லை. நானே போய் உட்கார்ந்தேன், நானே வாயைத் திறந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு எங்களைப் பாவப்பட்ட மலைச்சனம் என்று சொல்லி உச்சுக்கொட்டியவர்கள் நிறையப் பேர். அந்த உச்சு எனக்கு வேண்டாம்.

அப்போது வெள்ளைக்காரன் ஆட்சி. கொல்லிமலைக்கு ரோடு கிடையாது. அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து ஏறினால் முட்டி கழன்றுபோகும். என் பல்லைப் பிடுங்கிய டாக்டர், ஆட்கள் தூக்கிய டோலியில் வந்தார். அவருக்குப் பின்னால் தலைச்சுமையாகப் பெட்டிகளும், மடக்கும் இரும்பு நாற்காலி ஒன்றும், ஒரு கம்பவுண்டரும் வந்தார்கள். எங்கள் மலையில் பல ஊர் சேர்ந்தது ஒரு நாடு. பெரக்கரை நாட்டில் எங்கள் ஊர்ச் சாவடியில் நாற்காலியைப் போட்டு, பட்டணத்திலிருந்து பல் ஆராய்ச்சிக்காக வந்திருப்பதாகச் சொன்னார்.

எங்கள் பக்கத்தில் பலருக்கு ஈறு வீங்கிச் சீழ் வடியும். நாற்பது தாண்டுவதற்குள் பல் ஆட ஆரம்பித்துவிடும். எனக்கு இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகே ஆட ஆரம்பித்தது. கூடவே முட்டிவலி. களை எடுக்கக் குனிந்தால் எழுந்திருக்க முடியாது. டாக்டர் என் ஈறை அழுத்திப் பார்த்துவிட்டு, “இந்தச் சீழ்தான் ரத்தத்துல கலந்து முட்டியில போய் உக்காந்திருக்கு. பல்லையெல்லாம் எடுத்துட்டா வலி போயிடும்” என்றார்.

“பல்லில்லாம எப்படிங்க?” என்றேன்.

“ஈறு ஆறி இறுகணும். அடுத்த வருஷம் வந்து பல் செட் கட்டித் தரேன்.”

எங்கள் ஊரில் பிடுங்குவது என்றும், திருப்புலி நாட்டில் ஒரு ஊரில் பிடுங்காமல் ஈறைச் சுரண்டிச் சுத்தம் செய்து, கொப்பளிக்க மருந்துத் தண்ணீர் மட்டும் கொடுப்பது என்றும் அவர் முடிவு செய்திருந்தார். எந்த ஊர்க்காரர்களுக்கு வலி போகிறது என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. அந்த இன்னொரு ஊரில்தான் என் அண்ணன் குடும்பம் இருந்தது. அண்ணிக்கும் என்னைப் போலவே ஈறு, என்னைப் போலவே முட்டி. அவளுக்குக் கொப்பளிப்பு. எனக்குக் குறடு.

ஊசி போட்டு மரக்க வைத்துத்தான் பிடுங்கினார். கை சுத்தமான கைதான், குறை சொல்ல மாட்டேன். கடைசிப் பல் விழுந்த அன்று வீட்டுக்கு வந்து நாக்கால் வாய்க்குள் தடவிப் பார்த்தேன். பிறத்தியார் வாய்க்குள் நாக்கை விட்டது போலிருந்தது.

அந்த வருஷம் எப்படிப் போனது என்று பல் உள்ளவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. ராகிக்களியை விழுங்கலாம். பலாச்சுளையைப் பிசைந்து கரைத்துக் குடிக்க வேண்டும். ‘தண்ணி’ என்று கேட்டால் காற்றும் எச்சிலும்தான் வந்தன. என் சின்ன மகள் என்னைப் போலவே பேசிக் காட்டிச் சிரித்தாள். குழந்தைதானே, நானும் சிரித்துவைத்தேன்.

ஆனால் காளப்பநாயக்கன்பட்டிச் சந்தையில் நடந்ததற்கு என்னால் சிரிக்க முடியவில்லை. வாழைத்தாரை இறக்கி வைத்துவிட்டு நானும் என் வீட்டுக்காரரும் நின்றிருந்தோம். வழக்கமாக வாங்குகிற வியாபாரி வராமல், புதிதாக ஒருவர் வந்தார். தாரைத் தட்டிப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரரிடம், “ஏனுங்க, வயசான அம்மாளை இத்தனை தூரம் நடத்தியே கூட்டிட்டு வந்தீங்களா? பாவமுங்க” என்றார்.

என் வீட்டுக்காரர் என்னைவிட எட்டு வயது மூத்தவர். அவர் தலையைக் குனிந்துகொண்டார். திரும்பி மலையேறும்போது பாதி வழியில், “அந்தாளு கெடக்குறான் புள்ளே” என்று மட்டும் சொன்னார். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. முட்டி வேறு வலித்துக்கொண்டிருந்தது. பல் போனால் போய்விடும் என்று சொன்ன அதே வலி.

அறுப்பு முடிந்து டாக்டர் திரும்ப வந்தார். டோலி, பெட்டிகள், நாற்காலி, கம்பவுண்டர், எல்லாம் வந்தன. சாவடிக்கு முன்னால் பல் போன ஆணும் பெண்ணும் கூடி நின்றோம். எந்தப் பெட்டியில் பல் இருக்கிறது என்றுதான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் ஆளாக என்னைக் கூப்பிட்டார். உட்கார்ந்தேன்.

“வாயைத் திற.”

“பல்லு கொண்டாந்திருக்கீங்களாங்க?”

“அதுக்கு மேலிடத்துல அனுமதி கிடைக்கலை. இது ஆராய்ச்சி. செட்டு கட்டுறது இதுல சேராது. ஈறு எப்படி ஆறியிருக்குன்னு பாத்துட்டு, முட்டிவலி பத்திக் கேட்டுட்டுப் போயிடுவேன். திற.”

நான் திறக்கவில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபப்பட்ட மாதிரித் தெரியவில்லை. பிள்ளைக்குச் சொல்வது போல, “இதோ பாரம்மா, நீங்கல்லாம் சாப்பிடறது களி. முழுங்கத்தானே போறீங்க? அதுக்கு எதுக்குப் பல்லு?” என்றார்.

“களி முழுங்கறதுக்கு வேண்டாமுங்க. பேசறதுக்கு வேணுமுங்க. சிரிக்கறதுக்கு வேணுமுங்க. எங்க வாயி திங்கறதுக்கு மட்டும்னு நெனச்சீங்களா?”

பல்லில்லாத வாயால் சொன்னதால் அதில் பாதி அவருக்கு விளங்கியிருக்காது. ஆனால் பின்னால் நின்றவர்களுக்கு விளங்கியது. அவர்களுக்கும் அதே பேச்சுதானே. நான் எழுந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓரமாகப் போய் நின்றேன். அடுத்துக் கூப்பிட்ட பெண்ணும் வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்கடுத்த ஆள் துண்டை எடுத்து வாயில் கட்டிக்கொண்டார். ஒருத்தரும் நாற்காலிப் பக்கம் போகவில்லை.

ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டரை வரவழைத்தார்கள். அவர் பெரிய மனுசன், அவருக்குப் பல்லெல்லாம் இருந்தது. “சர்க்கார் டாக்டரைப் பகைச்சுக்கிட்டா நல்லாருக்காது, கண்ணு. தொறந்து காட்டிப்போட்டுப் போயேன்” என்றார்.

“பல்லு வரட்டுமுங்க, தொறக்கறோம்.”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். டாக்டர் சில நாட்கள் காத்திருந்தார். எங்கள் வாயைப் பார்க்காமல் அவருடைய ஆராய்ச்சி பாதியில் நிற்கும் என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் அதற்குள் தெரிந்துவிட்டது. கடைசியில் பெட்டிகளைக் கட்டச் சொல்லி இறங்கிப் போய்விட்டார். காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் கம்பவுண்டர் கொடுத்துவந்த மாத்திரைகளும் அவரோடு போயின.

அதற்குப் பிறகு எனக்குக் கெட்ட பெயர். ஒரு வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது, அதன் தாய் என் வாசலுக்கே வந்து, “உன்னோட பல்லுக்காவ எம்புள்ளை சாவோணுமா?” என்று கத்தினாள். குழந்தை பிழைத்துக்கொண்டது. அது பிழைக்கும் வரை நான் உண்ணவில்லை. இருந்தாலும், வாயைத் திறந்து காட்டியிருக்கலாமோ என்று ஒரு தரம்கூட நினைக்கவில்லை. மாத்திரை கொடுப்பவருக்குப் பல்லையும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்றால் அடுத்து எதைக் கேட்பார்கள்? என் வீட்டுக்காரர் போலீஸ் வரும் என்று தினமும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மழைக்கு முன்னால் வந்தது போலீஸ் அல்ல. சுண்ணாம்பு போல வெள்ளை மாவு மூட்டையும் மெழுகும் சுமந்துகொண்டு, பல் செட் செய்கிற ஒருவர் வந்தார். கூடவே டாக்டரும். மேலிடத்தில் என்ன பேசி எப்படி அனுமதி வாங்கினார் என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. செட்டுக்காரர் எங்கள் வாய்க்குள் மாவுக் குழம்பை அப்பி, அச்செடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். கொஞ்ச நாள் கழித்து, கருஞ்சிவப்பு ரப்பரில் வெள்ளைப் பற்கள் வைத்த செட்டுகளோடு திரும்பி வந்தார். சிலருக்குப் பொருந்தாமல் ஈறைக் கிழித்தது. அராவி அராவிப் பொருத்தினார். எனக்கு மேல் செட் சரியாக உட்கார்ந்தது. கீழ் செட் கடைசிவரை ஆடிக்கொண்டேதான் இருந்தது. அதோடு பேசப் பழகிக்கொண்டேன்.

பிறகு சொன்ன சொல்படி நாற்காலியில் உட்கார்ந்து செட்டைக் கழற்றி வாயைத் திறந்தேன். அவர் ஈறெல்லாம் பார்த்தார். “முட்டிவலி போயிருக்கணுமே?” என்றார்.

“போகலீங்க.”

“கொஞ்சம் குறைஞ்சிருக்கும். யோசிச்சுச் சொல்லு.”

“யோசிக்கறதுக்கு என்னங்க இருக்குது? என்னோட முட்டிதானுங்களே. எங்க அண்ணிக்குப் பல்லு இருக்குது, முட்டி வலிக்குது. எனக்குப் பல்லு இல்லை, முட்டி வலிக்குது. இதை எழுதுங்க.”

அவர் பேனாவின் மூடியைத் திருகித் திறந்தார். முகம் சுருங்கிப்போயிருந்தது. இப்படி ஒரு பதிலை எங்கள் ஊரில் வேறு யாரிடமும் அவர் கேட்காமலா இருந்திருப்பார்? கேட்டிருப்பார். அப்புறம் எழுதினார். இங்கிலீஷில் எழுதியதால், என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். “வலி குறையலைன்னு எழுதியிருக்கேன், போதுமா?” என்றார். போதும் என்றேன். நல்லது செய்யத்தான் வந்தார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கடைசிவரை என்னை ‘நீ’ என்றுதான் சொன்னார்.

அடுத்து அவர் திருப்புலி நாட்டுக்குப் போனார். வலி போகாவிட்டாலும் சீழாவது நிற்குமே என்று, அந்த ஊர்க்காரர்களுக்கும் பல் பிடுங்கலாமா என்று கேட்டுப் பார்க்கப் போகிறார் என்று கம்பவுண்டர் சொன்னார். நான் குறுக்கு வழியில் விடிகாலையில் நடந்து அவருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தேன். நடந்ததையெல்லாம் அண்ணியிடம் சொன்னேன். செட்டைக் கழற்றிக் காட்டி, மாட்டியும் காட்டினேன். அவள் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

டாக்டர் நாற்காலியைப் போட்டதும் அண்ணிதான் முதலில் போய் உட்கார்ந்தாள். வாயைப் பெரிதாகத் திறந்து, கடைவாயில் ஆடிக்கொண்டிருந்த ஒரு பல்லை விரலால் தொட்டுக் காட்டினாள்.

“இது ஒண்ணெ மட்டும் எடுங்க. கொஞ்ச நாளா உசுரெ வாங்குது. பக்கத்துப் பல்லுல கை வெச்சீங்கன்னா கடிச்சுப்போடுவேன்.”

டாக்டர் அவளைப் பார்த்தார், அவளுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அந்த ஒரு பல்லை மட்டும் எடுத்துவிட்டு, கம்பவுண்டரைப் பார்த்து, “குறடைப் பெட்டியில வை. கொப்பளிக்கிற மருந்தைக் கரை” என்றார்.