மூன்றாவது மாடியில் ஒரு சோபா

மூன்று வருடம் முன்பு, பங்குனி மாதம். திருவேற்காட்டில் நாங்கள் குடியிருக்கும் அபார்ட்மென்ட்டில் நடந்தது.

அந்த வாரம் கணவர் வெளியூர் வேலையில் இருந்தார், மாமியாரும் ஆற்காடு போயிருந்தார். ஆகவே, முதல் வகுப்பு படிக்கும் மகளை மூன்றரை மணிக்கு ஸ்கூல் வேனிலிருந்து இறக்குவது என் பொறுப்பு. கேட்டில் பெரியவர்கள் யாரும் இல்லை என்றால் வேன்காரர் பிள்ளையை இறக்க மாட்டார். மற்ற பிள்ளைகளை ஒவ்வொருவராக இறக்கிக்கொண்டே பூந்தமல்லி வரை கொண்டுபோய்விடுவார். என் மகளோ வேனில் தனியாக இருந்தால் அழுது அழுது வாந்தி எடுப்பவள்.

அன்று காலை ஷிப்டிலேயே எனக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. பெர்மிஷன் சொல்லிவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வந்தேன். மணி பன்னிரண்டரை இருக்கும். மாதாந்திர பராமரிப்பு என்று கரண்டை நிறுத்தியிருந்தார்கள், லிஃப்ட் ஓடவில்லை. எங்கள் வீடு நாலாவது மாடி. லிஃப்டில் நாலை அழுத்தியே பழகிய எனக்குப் படியை எண்ணத் தெரியுமா என்ன? கார் நிறுத்தும் தளத்தையும் ஒன்று என்று சேர்த்து எண்ணிவிட்டேன்.

நாலு என்று எண்ணி நின்ற இடத்தில் கதவு திறந்திருந்தது. மாமியார் வந்துவிட்டார் போல என்று நினைத்து உள்ளே போனேன். எங்கள் கட்டடத்தில் எல்லா வீட்டிலும் டிவி பிளக் ஒரே சுவரில்தான், அதனால் சோபாவும் எல்லா வீட்டிலும் அதற்கு எதிரில்தான். கண்ணை மூடிக்கொண்டே நடந்துபோய் விழுந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் தண்ணீருக்குள் இருந்து பார்த்ததுபோல் நினைவிருக்கிறது. சுவர் பச்சையாக இருந்தது. நம் வீட்டுச் சுவர் எப்போது பச்சை ஆனது என்று யோசித்தேன், அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. காற்றாடி நின்றிருந்தது, திரைச்சீலை மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. தூரத்தில் கோயில் மைக்கில் ஏதோ பாட்டு. யாரோ நெற்றியில் ஈரத்துணி போட்டார்கள். அத்தைதான் என்று நினைத்து நான் பேசிக்கொண்டே போனேன்.

"அத்தே, பாப்பா வேன் மூணரைக்கு... கீழ் வீட்டுக்காரி இன்னைக்கும் கத்துனாளா? சரியான சண்டைக்காரி அத்தே அவ."

"ஆமா கண்ணு, அவ அப்டிதான். நீ தூங்கு."

என் மாமியார் இவ்வளவு இதமாகப் பேசுவாரா என்று கனவிலேயே எனக்கு ஆச்சரியம்.

அந்தக் கீழ் வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கட்டடம் எழும்பிய நிலமே அவர்கள் குடும்பத்துடையது. நிலத்துக்குப் பங்காக மூன்றாவது மாடியில் வீடு கிடைத்தது. பால்கனியில் வேட்டி விரித்துக் கூழ் வடகம் காயப்போடுவார். நான் பிழியாமல் போட்ட போர்வையிலிருந்து தண்ணீர் சொட்டி ஒருநாள் வடகம் முழுக்க நனைந்து வீணாகிவிட்டது. அவர் கீழேயிருந்து கத்தினார். நான் பதில் பேசவில்லை, படித்தவள் இல்லையா! அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில், 'சிலருக்கு அபார்ட்மென்ட்டில் வாழவே தெரியவில்லை' என்று போட்டேன். பதினோரு பேர் கட்டைவிரல் காட்டினார்கள்.

கண் விழித்தபோது காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. கடிகாரத்தில் ஐந்து மணி. சுவர் பச்சையாகவேதான் இருந்தது. யார் வீடு இது? "ஐயோ, பாப்பா!" என்று அலறிக்கொண்டு எழுந்தேன்.

"இன்னாத்துக்குமா கத்துற? பாப்பா இங்கதான் கீது" என்றது ஒரு குரல். கனவில் கேட்ட அதே குரல். திரும்பினால் அந்த வடகக்காரம்மா! பக்கத்தில் தரையில் உட்கார்ந்து என் மகள் வடகத்தை நொறுக்கித் தின்றுகொண்டிருந்தாள்.

என் கழுத்தில் கிடந்த கம்பெனி அடையாள அட்டையைக் கழற்றி எடுத்துக்கொண்டு, மூன்று மணிக்கே படி இறங்கிக் கேட்டில் நின்றிருக்கிறார். வேன்காரர் சந்தேகப்பட்டதும் அட்டையைக் காட்டி, வாட்ச்மேனையும் சாட்சிக்கு இழுத்துப் பிள்ளையை வாங்கி வந்திருக்கிறார். வெயிலில், முட்டிவலியோடு, மூன்று மாடி.

குரூப்பில் நான் போட்டது இவருக்குத் தெரியுமா?

"அக்கா, நான் அந்த குரூப்புல..."

"என் புள்ள அன்னிக்கே படிச்சுக் காமிச்சான்" என்றார். கஞ்சி டம்ளரை என் கையில் திணித்தார். "சூடு ஆறதுக்குள்ள குடி. உங்க அத்தேகிட்டதான் அல்லாத்தையும் சொல்லிட்டியே, அப்புறம் இன்னா?"

சிரித்தார். நான் அழுதேன். அம்மா ஏன் அழுகிறாள் என்று புரியாமல் மகள் எனக்கும் ஒரு வடகம் நீட்டினாள்.

வாசல் வரை வந்து, "ஊட்டுக்குப் போறப்ப ஒழுங்கா எண்ணிகினு போ, இன்னும் ஒரு மாடி கீது" என்றார்.

இன்றும் போர்வையை இரண்டு முறை பிழிந்துதான் காயப்போடுகிறேன். அபார்ட்மென்ட்டில் வாழத் தெரியாதவர் யார் என்பதை, அவர் வீட்டுச் சோபாவிலேயே படுத்து எழுந்துதான் நான் தெரிந்துகொண்டேன்.