மகராசி டாக்கீஸின் பெண்கள் கவுண்டர்

சங்கரன்கோவில் மகராசி டாக்கீஸில் பாதி ஆயுளைக் கழித்த ஜாய்ஸ் ஒரு படத்தைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை என்றால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் உண்மை அதுதான். அவள் இருந்தது பெண்கள் கவுண்டரில். பெண்கள் நேரத்துக்குப் படத்துக்கு வருகிறவர்கள் இல்லை. உலையை இறக்கி, பிள்ளைக்கு ஊட்டி, மாமியார் முகத்தைப் பார்த்து, பஸ் பிடித்து அவர்கள் வந்து சேரும்போது உள்ளே கதாநாயகனுக்குப் பாதிக் கல்யாணம் முடிந்திருக்கும். அவர்களுக்காக இடைவேளை வரை கவுண்டரைத் திறந்து வைப்பது அந்த டாக்கீஸின் வழக்கம். இடைவேளை விட்டதும் அவள் அடுப்புப் பற்றவைக்க வீட்டுக்கு ஓட வேண்டும்.

ஆகவே அவள் படங்களைக் கேட்டாள். கவுண்டரின் பின்சுவருக்கு அந்தப் பக்கம்தான் திரை. வசனம், பாட்டு, அடிதடி, அழுகை எல்லாம் சுவர் வழியாக அவள் முதுகில் வந்து விழும். முன்னால் உள்ளங்கை அளவு துவாரம். அதில் கைகள் வரும். சாயம் ஏறிய தறிக்காரிகளின் நகங்கள், மருதாணிச் சிவப்பு மாறாத புதுப்பெண்களின் விரல்கள், பிச்சிப்பூ கட்டிக் கட்டி நாரின் தடம் விழுந்த விரல்கள். கையை வைத்தே ஆளைச் சொல்வாள்.

மாடியில் மெஷின் ரூமில் அவள் புருஷன் தங்கப்பழம் ஆபரேட்டர். அவருக்கு நேர் எதிர். மெஷின் இரைச்சலில் ஒரு வசனமும் காதில் ஏறாது. பார்ப்பதற்கென்று விட்டிருந்த ஓட்டை வழியாகப் படம் மட்டும் தெரியும். ஆக, வீட்டில் சோற்றுத் தட்டுக்கு முன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்தால்தான் ஒரு படம் முழுசாகும்.

"பாட்டுக்கு முன்னாடி ஓன்னு அழுதாளே, என்னத்துக்கு?"

"அவன் பெட்டியத் தூக்கிட்டுக் கெளம்பிட்டான்லா."

"அப்பம் ஒருத்தி சிரிச்சா. அவ யாரு?"

"அது தெரியல. எடது ஓரத்துல நின்னுருப்பா. அங்கன தூண் மறைக்கு."

"எப்பக் கேட்டாலும் தூணு! ஒறங்கிட்டேன்னு நேராச் சொல்லுங்களேன்."

"ஏட்டி, சத்தியமாத் தூண் மறைக்கு. நீ வேணும்னா ஏறி வந்து பாரு."

ஜாய்ஸ் ஒருநாளும் ஏறிப் போய்ப் பார்த்ததில்லை. மெஷின் ரூமுக்குப் பொம்பளைகள் போகக்கூடாது என்று அன்றைய முதலாளி சொல்லியிருந்தார். மகன் தாவீது இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே கை காயக் காய உட்கார்ந்திருப்பான். அவனுடைய குழந்தைப் பருவத்துக் கதைகள் எல்லாம் இப்படிப் பாதி அம்மாவும் பாதி அப்பாவுமாகச் சொன்னவை. இடது ஓரம் மட்டும் எந்தக் கதையிலும் கிடையாது.

மெஷினைக் கழற்றிவிட்டுக் கம்ப்யூட்டர் பெட்டி வைத்த வருஷத்திலேயே தங்கப்பழம் போய்ச் சேர்ந்தார். அதன்பிறகு ஜாய்ஸிடம் சத்தம் மட்டும் மிஞ்சியது.

கூட்டமும் அப்புறம் குறைந்துகொண்டே வந்தது. சனங்கள் படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிற காலம். மகராசியில் மாலைக் காட்சியும் இரவுக் காட்சியும் மட்டும் ஓடின; காலையில் எலிகள் ஓடின. முதலாளி மகாராஜன் நூல் கிடங்குக்குக் கொடுத்துவிடலாமா என்று பேச ஆரம்பித்திருந்தபோதுதான் கடையநல்லூர்ப் பையன் ரிஸ்வான் அகமது வந்தான். பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் வாத்தியார். நாடகக் கிறுக்கு. "சனி, ஞாயிறு காலையில ஹாலை மட்டும் குடுங்க அண்ணாச்சி, பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக் குடுக்கேன்" என்றான்.

"கரண்டுக்கு யாரு கட்டுவா? எலியா?" என்றார் மகாராஜன்.

ஊர் கட்டியது. தறிக்காரர்கள் விளிம்பு பிசகிய துணிகளைத் தைத்துத் திரைச்சீலை போட்டார்கள். மைக் செட் கடை இசக்கித்துரை ஸ்பீக்கரை இறக்கிவிட்டுக் கூலி கேட்காமல் போனான். பள்ளிவாசல் தெருவிலிருந்து தண்ணீர், சர்ச்சிலிருந்து நாற்காலி, பரோட்டாக் கடையிலிருந்து மத்தியானச் சாப்பாடு. எல்லாவற்றுக்கும் மேலே, படமே பார்க்க வராத வீடுகளும் மாதம் ஒரு டிக்கெட் வாங்கின. வாங்கியவர்கள் பெரும்பாலும் தாய்மார்கள்தான், ஏனென்றால் வகுப்புக்கு வந்தவர்களில் அதிகம் பெண்பிள்ளைகள். ஷோ நடந்தால் உள்ளே ஆள் இல்லாவிட்டாலும் கவுண்டரில் டிக்கெட் போயிருக்கும். மகாராஜன் நூல் கிடங்குப் பேச்சை நிறுத்தினார்.

பெண்பிள்ளைகளை அனுப்பத் தாய்மார்கள் துணிந்ததற்கு ஒரே காரணம் ஜாய்ஸ். பெண்கள் வாசல் தனி. அந்த வாசலில் ஜாய்ஸக்கா இருக்கிறாள். அவளைத் தாண்டி ஒரு ஈ உள்ளே போகாது. "நீ எங்க போற?" என்று வீட்டில் கேட்டால் நாடகத்துக்கு என்று பிள்ளைகள் சொல்வதில்லை. "ஜாய்ஸக்கா கிட்ட" என்பார்கள். அது போதும்.

இந்த நேரத்தில்தான் ஷார்ஜாவிலிருந்து தாவீது கூப்பிட்டான். "அம்மா, விசா வந்துட்டு. ஆடி பொறக்க முன்ன டிக்கெட் போட்டுருக்கேன். ஒங்க மருமவளுக்கு லீவு முடியுது. பிள்ளைய யாருட்ட விட?"

பேரன் பிறந்ததிலிருந்து ஜாய்ஸ் அவனைப் போனில்தான் பார்த்திருந்தாள். கண்ணாடிமேல் விரல் வைத்துக் கன்னத்தைத் தடவினால் படம் பெரிதாகிக் கன்னம் திரையை விட்டு ஓடிவிடும். அவன் மணம் என்ன மணம் என்று அவளுக்குத் தெரியாது. அது வேண்டும். வேறெதுவும் இத்தனை வருஷத்தில் அவள் இப்படிக் கேட்டதில்லை.

ஆனால் அவள் எழுந்தால் பெண்பிள்ளைகள் எழுந்துவிடுவார்கள். பிள்ளைகள் போனால் மாத டிக்கெட் போகும். அப்புறம் நூல் கிடங்குதான். மகாராஜன் அதை மறைக்காமல் சொன்னார்: "நீ போறது சந்தோசந்தாம்மா. ஆனா ஒன் எடத்துல இன்னொருத்திய ஒக்கார வச்சா இந்த ஊரு ஒத்துக்கிடாது. அது சீட்டு இல்ல, நீ."

ரிஸ்வான் ஒரு வழி கண்டுபிடித்தான். "கேமரா வச்சிருவோம்க்கா. அம்மாமார் எல்லாரும் வீட்டுல இருந்தே போன்ல பாத்துக்கிடலாம்." பழைய மெஷின் ரூமில் தங்கப்பழம் பார்த்த ஓட்டையிலேயே கேமராவைப் பொருத்தினான். ஸ்பீக்கர் சத்தத்தில் காது கிழிகிறது என்று அதன் ஒலியை மட்டும் அணைத்துவிட்டான். தாய்மார்களின் வாட்ஸப் குழுவில் இணைப்பை அனுப்பினான்.

அவன் யோசிக்காதது ஒன்றுதான். அந்தத் தாய்மார்கள் அன்று சாயங்காலமே அதைத் தம்மாமிலும் மஸ்கட்டிலும் குவைத்திலும் இருக்கிற புருஷன்மாருக்கு அனுப்பிவைத்தார்கள். வீட்டில் ஒரு ஸ்பூன் வாங்கினால்கூடப் படம் எடுத்து அனுப்பிப் பழகியவர்கள்.

சனிக்கிழமை வாப்பாமார் எல்லோரும் பார்த்தார்கள், சத்தமில்லாமல். ஒருவர் தன் மகள் அழுவதைப் பார்த்தார். ஒருவர் தன் மகள் ஒரு பையன் காலில் விழுவதைப் பார்த்தார். தம்மாமில் மம்மது, தன் மகள் ஷிரின் பானு வாயை ஆவென்று திறந்து, கையை வீசி, ஒரு பையனை நோக்கிக் குதிப்பதைப் பார்த்தார். வீட்டில் அவளுடைய சத்தத்தையே அவர் கேட்டதில்லை. போனில் "நல்லாருக்கீங்களா வாப்பா" என்பாள், அதோடு சரி.

அடுத்த சனிக்கிழமை பெண்கள் வாசலில் நாலைந்து செருப்புகள்தான் கிடந்தன.

"நல்லா வச்சீரு தம்பி கேமரா" என்றாள் ஜாய்ஸ். "நான் ஒருத்தி பாத்துக்கிட்டு இருந்த பிள்ளையள இப்பம் வளைகுடாவே பாக்கு."

ரிஸ்வான் தலையைச் சொறிந்தான். "கழத்திரட்டாக்கா?"

"இனிக் கழத்தினா, என்னத்த மறைக்கீங்கன்னு கேப்பாங்க."

வந்த செருப்புகளில் ஒன்று ஷிரினுடையது. ஸ்பெஷல் கிளாஸ் என்று பொய் சொல்லி வந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் உம்மா ரசீதா ஆட்டோவில் வந்து இறங்கினாள். மூச்சு வாங்கியது.

"எங்கக்கா அவ? நான் இப்பமே இழுத்துட்டுப் போறேன். அங்கன இருந்து அந்த மனுசன் என்னைக் கிழிக்கிறாரு, ஒரு பொட்டப்பிள்ளய வளக்கத் தெரியலயான்னு."

ஜாய்ஸ் பதில் சொல்ல வாயெடுக்கும்போது அவளுடைய போன் அடித்தது. தாவீது. கவுண்டருக்குள் சிக்னல் சரியாக இருக்காது. வேப்பமரத்தடிக்குப் போனால்தான் முகம் தெரியும். பேரன் விழித்திருக்கிற நேரம் இது ஒன்றுதான்.

"இழுக்கதுதான் இழுக்கப் போற, ரெண்டு நிமிசம் இங்கன இரு தாயி. பிள்ள முழிச்சிருக்கான். யாரும் வந்தா உள்ள விட்ராத" என்று ரசீதாவைத் தோளைப் பிடித்துத் தன் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு ஓடினாள்.

மரத்தடியில் பேரன் அவளைப் பார்த்துச் சிரித்தானா, கொட்டாவி விட்டானா என்று தெரியவில்லை. சிரித்ததாகவே எடுத்துக்கொண்டாள். "வாரேன் மக்கா, ஆச்சி வாரேன்" என்று சொல்லும்போதே, எப்படிப் போவது என்று பெண்கள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

திரும்பி வந்தவள் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள்.

ரசீதா நாற்காலியைப் பின்னால் தள்ளிச் சுவரில் காதை வைத்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கண்டக்டரின் குரல் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது: "புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி! ஏறு, ஏறு, ஏறு! படியில நிக்காத, பாட்டா செருப்பு, ஒன்னத்தான்!" யாரோ ஒரு பெண். யாரென்று தெரியாத முகத்தோடு ரசீதா கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு தெரிந்துகொண்டாள். கை தானாக வாயைப் பொத்தியது.

அவள் மடியில் இருந்த போன் அதிர்ந்தது. கவுண்டருக்குள் படம் வராது. வெறும் பேச்சு விட்டுவிட்டு வரும். எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"பாத்தியா? இன்னைக்கும் ஆடுதா! இன்னும் நீ போய்ச் சேரலயா?" என்றது மம்மதுவின் குரல்.

"சேந்துட்டேன் மச்சான். அவ ஆடல. பஸ்ஸுக்கு ஆள் ஏத்துதா."

"என்னது?"

"கண்டக்டரு. நம்ம ஊரு பஸ்ஸு."

"அப்ப அந்தப் பையன்ட்ட என்னத்துக்குக் குதிக்கா?"

"அவன் டிரைவரு. ஸ்டாப்புல நிறுத்தாமப் போயிட்டான்னு ஏசுதா."

கோபத்தில் போனை வைத்துவிடுவார் என்றுதான் ஜாய்ஸ் நினைத்தாள்.

"என்னன்னு ஏசுதா?" என்றார் மம்மது.

ரசீதா சுவரில் காதை வைத்தாள். "'கெழவி ஓடி வாரது கண்ணுக்குத் தெரியலயா, ஒமக்கு லைசென்ஸ் குடுத்தவனக் கூட்டிட்டு வாரும் வே'ங்கா."

அவர் சிரித்தார். சிரித்து இருமி, மறுபடி சிரித்தார். "எங்க உம்மா மாரியே ஏசுதா. சொல்லு, சொல்லு, இப்பம் குனியுதாளே, என்னத்துக்கு?"

"இரிங்க, கேட்டுச் சொல்லுதேன்."

ஜாய்ஸ் உள்ளே போகவில்லை. வெயிலில் நின்று அந்தப் பேச்சைக் கேட்டாள். எதிரே ஒரு சோற்றுத் தட்டு இல்லை, அவ்வளவுதான். அந்த நாற்காலியில் இனித் தான் உட்கார வேண்டியதில்லை என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அதில் ஆறுதல் பாதி இருந்தது. மற்றப் பாதியை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அன்றைக்கு ரசீதா மகளை இழுத்துக்கொண்டு போகவில்லை. அடுத்த வாரம் தானே வந்து உட்கார்ந்தாள். "வாப்பாமார் கிட்டச் சத்தம் சொல்ல ஒரு ஆள் வேணும்லாக்கா" என்றாள். மற்றத் தாய்மார்கள் அவளைச் சும்மா விடுவார்களா? "நீ மட்டும் என்ன மகராசியா, நாங்களும் ஒக்காருதோம்" என்று முறை வைத்துக்கொண்டார்கள். செருப்புகள் திரும்பி வந்தன. மகாராஜன் எட்டிப் பார்த்துவிட்டு, "கவுண்டருக்குள்ள டீக்கடை வச்சிருவாங்க போலயே" என்று முனகிக்கொண்டே போனார்.

நாடகத்தை ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊர் கூடும்போது போடுவதாக இருந்தது. ஜாய்ஸின் விமானம் அதற்கு முன்னால். ஆகவே கடைசிச் சனிக்கிழமை ஷிரின் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "உள்ள வந்து ஒக்காருங்கக்கா. ஒங்களுக்குன்னு மொதல்ல இருந்து போடுதோம்."

முன்வரிசையில் உட்கார்ந்தாள். விளக்கு அணைந்தது. திரைச்சீலை அசைந்தது. அதே நேரம் கவுண்டர் துவாரத்தை யாரோ வளையலால் தட்டினார்கள். ராயகிரிப் பக்கத்திலிருந்து முதல் தடவையாக மகளைக் கூட்டிக்கொண்டு வந்த ஒருத்தி. ரசீதாவின் பஸ் இன்னும் வந்திருக்கவில்லை. தான் என்ன செய்கிறோம் என்று நினைக்கும் முன்பே ஜாய்ஸ் எழுந்து போயிருந்தாள். வந்தவளுக்கு வழி சொல்லி, பிள்ளையை உள்ளே விட்டு, தண்ணீர் கொடுத்து முடிப்பதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் பஸ் புளியங்குடியைத் தாண்டிவிட்டது. மறுபடி உள்ளே போகாமல் அங்கேயே உட்கார்ந்து, முதுகைச் சுவரில் சாய்த்து, கடைசி வரைக்கும் கேட்டாள்.

ஷார்ஜாவில் தாவீதின் வீடு உயரத்தில் இருந்தது. ஜன்னலைத் திறக்க முடியாது. பேரனுக்குப் பால் மணமும் பவுடர் மணமும் கலந்த ஒரு மணம். அவள் மனசுக்குள் வைத்திருந்த மணம் அது அல்ல, ஆனால் அதைவிட நன்றாக இருந்தது. பகலெல்லாம் ஏசி இரைந்துகொண்டே இருந்தது. அந்த இரைச்சலில் ஜாய்ஸுக்கு வேறொன்றும் காதில் விழுவதில்லை.

ஆடித்தபசு அன்று தாவீது போனை மேஜைமேல் நிறுத்திவைத்துக் கேமரா இணைப்பைப் போட்டுக்கொடுத்தான். பேரனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஹால் முழுக்கத் தலைகள். பெண்கள் பக்கம் பூவாய்த் தெரிந்தது. திரைச்சீலை விலகியது. ஷிரின் காக்கிச் சட்டையில் வந்து வாயைத் திறந்தாள். சத்தம் இல்லை.

கூப்பிட்டால் ரசீதா சொல்வாள். ஆனால் இந்நேரம் அவள் மம்மதுவுக்குச் சொல்லிக்கொண்டிருப்பாள். ஜாய்ஸ் பேரனின் காதில் குனிந்தாள். "புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி. ஏறு, ஏறு, ஏறு" என்றாள். அவன் அவள் தாடையைப் பிடித்தான்.

கிழவி ஓடி வருகிற காட்சி வந்தது. டிரைவர் எதையோ பார்த்துத் திடுக்கிட்டான். கூட்டம் முழுவதும் ஒரே பக்கம் திரும்பிச் சிரித்தது. கிழவி எந்தப் பக்கமாக வருகிறாள் என்று ஜாய்ஸ் போனைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை கறுப்பாக ஒன்று நின்றது.

"என்னம்மா, படம் நின்னுட்டா?" என்றான் தாவீது, அடுக்களையிலிருந்து.

அவள் திரையின் அந்த ஓரத்தை விரலால் தொட்டாள். படம் பெரிதாகியது, கறுப்பும் பெரிதாகியது.

"இல்லலே" என்றாள். "தூணு மறைக்கு."