அணுக்கருவே இல்லாத கோடு

சூடேறிய அணுக்கரு உடையும்போது எந்தெந்த அளவில் துண்டுகள் விழும் என்று கணக்கிடுவது என் ஆராய்ச்சி. ஒரு கரு எப்படி உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது. லட்சக்கணக்கில் உடைந்தால் சராசரியாக என்ன நடக்கும் என்று ஒரு புள்ளியியல் மாடல் சொல்லும். வெப்பநிலை, மின்னூட்டம் எல்லாவற்றையும் அதில் சேர்த்து, வருடக்கணக்கில் அதோடு மாரடித்தேன்.

கடைசியில் வரைபடத்தில் என் கணக்கின் கோடு சோதனைப் புள்ளிகள்மேல் கச்சிதமாக உட்கார்ந்தது. யாருக்குக் கோடு பொருந்துகிறதோ அவர் மற்ற எல்லாருக்கும் பஃப்ஸ் வாங்கித் தருவது எங்கள் ஆய்வக வழக்கம். மறுநாள் காலை உப்பளம் நிறுத்தத்தில் பஸ் ஏறும் முன்பே வாங்கிக்கொண்டேன்.

பக்கத்து மேசைக் கவிதா ஒன்றைக் கடித்தபடியே, "இதப் பாரேன், சும்மா போட்டுப் பாத்தேன்" என்று தன் திரையைத் திருப்பினாள். கட்டம் கட்டமாக ஒரு வலை. அதன் இணைப்புகளைக் குருட்டாம்போக்கில் அறுத்துவிட்டு, மிஞ்சிய துண்டுகளை எண்ணியிருந்தாள். வெப்பநிலை இல்லை, மின்னூட்டம் இல்லை. ஆனால் அதே கோடு!

"இதுல அணுக்கருவே இல்லியே!" என்று கத்தினேன்.

"ஒன்னுது தப்புன்னு நான் சொல்லல. பொருந்துதுன்றத மட்டும் வெச்சி சரின்னு எப்பிடிச் சொல்லுவ?"

ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனாலும் ஆய்வேட்டில் 'நிரூபிக்கிறது' என்று எழுதியிருந்ததை 'முரண்படவில்லை' என்று மாற்றினேன். இத்தனை வருடமும் அந்த ஒரு சொல்லுக்குள் சுருங்கிவிட்டது.

மறுநாள் வழக்கப்படி அவளும் பஃப்ஸ் வாங்கி வந்தாள். என் பங்கை அப்படியே மேசையில் வைத்துவிட்டேன்.

இப்போது என் கோடு பொருந்தினால் முதலில் அவளைத்தான் கூப்பிடுகிறேன். "இத வேற எப்பிடியாச்சும் கொண்டாந்துட முடியுமா, பாரு." அவளால் முடியாமல் போனால்தான் பஃப்ஸ் என்று முடிவு செய்திருக்கிறேன்.

இன்னும் கடைக்குப் போகவில்லை.